தொகுத்தாரும் தொகுப்பித்தாரும்

பாட்டு எப்போது பழம்பாட்டாகின்றது? ஆண்டு பல கழிதலாலா, ஆன்றோர் பலர் போற்றுதலாலா, அன்றி விற்பனைக்கு உதவுதலாலா? வினா எளியது, விடை அத்துணை எளியதன்று. இதனைத் தமிழ்ச் செய்யுளை வைத்தே ஆராயலாம். ஆயினும், ஓர் ஆயுட்காலத்துக்குள்ளே, ஆண்டுக் கணக்குத் தெளிவாகத் தெரியும்படி நடந்த ஒன்றை வைத்து ஆராய்ந்தால் உண்மை விரைவில் விளங்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வானொலி நிலையங்கள் ‘கிளாசிக் றொக்’ என்னும் பெயரால் ஒலிபரப்பிவரும் பாடல் நிரலின் வரலாறே யான் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். தமிழாசிரியன் ஒருவனுக்கு மேலைநாட்டு மின்கிற்றார் இசையில் யாது வேலை என்று இம்மலரைப் படிக்கும் அன்பர் வினவுதல் கூடும். இசையில் வேலை சிறிதே. தொகையில் வேலை பெரிது. எட்டுத்தொகையைக் கற்பிப்பவன், தொகுத்தல் எங்கே நடப்பினும் அங்கே சென்று பார்க்கக் கடமைப்பட்டவன்.

றொக் என்பது 1950களின் நடுப்பகுதியிலே, அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையும் அந்நாட்டு நாட்டுப்புற இசையும் கலந்த கலப்பில் எழுந்தது. அதனை முதலிற் பரப்பியவை ஏ.எம். நிலையங்கள். அவை அவ்வவ்வாரத்தில் மிகுதியாக விலைபோன சிறு தட்டுக்களையே மாறி மாறி ஒலிக்கச் செய்தன. எப்.எம். அலைவரிசைகள் ஒலித்தெளிவில் மேம்பட்டவையாயினும், அவற்றுட் பல தம் உடைமையாளரின் ஏ.எம். நிகழ்ச்சிகளையே மறுபடி ஒலித்துக்கொண்டிருந்தன. 1964இல் அந்நாட்டுத் தொடர்பாடல் ஆணைக்குழு ஒரு விதி வகுத்தது. ஓர் இலட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களிலே, எப்.எம். நிலையம் தன் நேரத்திற் பாதிக்கு மேல் அவ்வாறு படியெடுத்து ஒலிபரப்புதல் ஆகாது என்பதே அவ்விதி. அது நடைமுறைக்கு வந்த 1967ஆம் ஆண்டளவில், புதியன கொண்டு நிரப்புதற்குரிய நேரம் மிகுதியாயிற்று.

அந்நேரத்தை நிரப்ப முன்வந்தோருள் ஒருவர் ரொம் டொனஹியூ. 1967இல் சான் பிரான்சிஸ்கோ நகரத்துக் கே.எம்.பி.எக்ஸ். நிலையத்திலே அவரும் அவர்தம் தோழரும் நீண்ட இசைத்தட்டுக்களிலிருந்து தாம் நல்லவை என்று துணிந்த பாட்டுக்களைத் தாம் வகுத்த ஒழுங்கில் ஒலிபரப்பினர். மூன்று நிமிடப் பாட்டின் பின் பத்து நிமிடப் பாட்டு வரும். புதிய றொக் பாட்டின் பக்கத்திலே பழைய புளூஸ் பாட்டு நிற்கும். எது எதனோடு சேரும், எது எதன் பின் வந்தாற் பொருள் சிறக்கும் என்று எண்ணும் உரிமை அறிவிப்பாளனுக்கு இருந்தது. நம் மரபுச் சொல்லாற் கூறின், அவனே தொகுத்தோன்.

இந்நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. 1970களிலே லீ ஏபிறம்ஸ் என்னும் ஆலோசகர், நேயர்களின் விருப்பத்தை ஆராய்ந்து, புகழ்மிக்க குழுக்களின் பெயர்பெற்ற பாட்டுக்களை முன்னிறுத்தும் ஒரு திட்டத்தை வகுத்துப் பல நகரங்களின் நிலையங்களுக்கு வழங்கினார். தெரியும் உரிமை அறிவிப்பாளனின் கையிலிருந்து ஆலோசகரின் மேசைக்கு மாறியது. 1980களில் அடுத்த படி வந்தது. 1960களின் இறுதியில் இளைஞராய் இருந்தோர் அப்போது நாற்பதை அணுகிக்கொண்டிருந்தனர். உழைத்துப் பொருளீட்டி வீடும் வாகனமும் வாங்கும் பருவம் அது. அவர்களுடைய இளமைப் பாட்டையே அவர்களுக்கு மீண்டும் அளித்தால், அவர்களை நாடும் விளம்பரகாரரும் உடன் வருவர் என்பது வணிகர் கண்ட வழி. 1985இல் மிச்சிக்கன் மாநிலத்திலே பிறெட் ஜேக்கப்ஸ் என்பவர் இவ்வழியை ஒரு நிலையத்தில் முறைப்பட நிறுவினார். சில ஆண்டுகளுள் அது நாடு முழுதும் பரவியது. லெட் செப்பலின், பிங்க் புளொயிட், றோலிங் ஸ்ரோன்ஸ், ஈகிள்ஸ் முதலிய குழுக்கள் ‘கிளாசிக்’ ஆயின. அப்பாட்டுக்களுட் பலவற்றுக்கு அப்போது பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை என்பதைக் கருதுக.

இனி, நிரல் எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதைக் காண்போம். வயது, வாழிடம் முதலியன ஆராய்ந்து தெரியப்பட்ட நேயர் சிலரை ஒரு மண்டபத்திலே கூட்டுவர். பாட்டு முழுவதையும் அவர்களுக்குக் கேட்பியார். எளிதில் அடையாளங் காணக்கூடிய ஏழெட்டு விநாடித் துண்டையே கேட்பிப்பர். இவ்வாறு பல நூறு துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். விருப்பு, வெறுப்பு, சலிப்பு, அறியாமை என்பவற்றுள் ஒன்றை ஒவ்வொரு துண்டுக்கும் நேயர் குறிப்பர். மிகுந்த புள்ளி பெற்றவை நிரலில் நிற்கும், ஏனையவை நீங்கும். இம்முறை ஒன்றை நன்றாக அளக்கின்றது: கேட்டவர் முன்னரே அறிந்த பாட்டு எது என்பதை. அறியாத பாட்டு நல்லதா அல்லதா என்பதை ஏழு விநாடியில் அளத்தல் யார்க்கும் இயலாது. அறியப்படாமையால் ஒலிக்கப்படாது, ஒலிக்கப்படாமையால் அறியப்படாது. இச்சுழலில் அகப்பட்ட பாட்டு மீள்வது அரிது.

2007ஆம் ஆண்டு முதலாக, நேயர் உடன் எடுத்துச் செல்லும் சிறு கருவியொன்று அமெரிக்காவிற் பரவியது. அவர் எந்நிலையத்தை எத்தனை நிமிடம் கேட்டார் என்பதை அது குறித்து வைக்கும். அறியாத பாட்டொன்று எழுந்தவுடன் எத்தனை பேர் விலகினர் என்று நிலையத்தார் அக்குறிப்பைப் பார்த்து எண்ணலாயினர். அதனால் துணிவு மேலுங் குன்றியது. ஆயிரக் கணக்கான இசைத்தட்டுக்கள் தோன்றிய ஒரு துறையிலே, ஒரு நிலையம் நாள்தோறும் ஆள்வது சில நூறு பாட்டுக்களே என்னும் நிலை உண்டாயிற்று.

உடைமையும் இதற்குத் துணை செய்தது. ஒரு நிறுவனம் நாடு முழுவதிலும் இத்தனை நிலையங்களையே வைத்திருக்கலாம் என்றிருந்த வரம்பை 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் நீக்கிற்று. சில ஆண்டுகளுள் கிளியர் சனல் என்னும் ஒரே நிறுவனம் ஏறத்தாழ 1,200 நிலையங்களைத் தன்னதாக்கியது. மலைநாட்டு நகரமும் கடற்கரை நகரமும் ஒரே நிரலைக் கேட்கும் நிலை எளிதில் அமைந்தது.

இத்துணைச் சுருங்கிய நிரல் நிலைபெற்றேனும் நின்றதா? அதுவும் இல்லை; ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டே வந்திருக்கின்றது. அந்நாட்டு விளம்பரகாரர் பெரிதும் விரும்பும் வயது 25 முதல் 54 வரை. மனிதர் பெரும்பாலும் தம் பதின்ம வயதிற் கேட்ட பாட்டையே வாழ்நாள் முழுதும் போற்றுவர். இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிடுக. 1957இல் பதினைந்து வயதில் எல்விஸ் பிறெஸ்லியைக் கேட்டவர் 1996இல் 54 வயதை அடைந்தார். 1964இல் அதே வயதில் பீற்றில்ஸ் குழுவைக் கேட்டவர் 2003இல் அவ்வெல்லையை அடைந்தார். 1991இல் நிர்வானாவின் ‘நெவர்மைண்ட்’ தட்டைக் கேட்ட பதினைந்து வயதினர் 2030இலேயே அதனை எட்டுவர். எனவே நிர்வானா உள்ளே வரும். எல்விஸ் வெளியே போவார். பாட்டின் தகுதி எங்கும் விசாரிக்கப்படவில்லை. கேட்பவரின் பிறந்த ஆண்டே விசாரிக்கப்பட்டது.

இது வெறுங்கணக்கன்று என்பதற்கு நியூயோர்க் நகரம் சான்று. டபிள்யூ.சி.பி.எஸ்.-எப்.எம். என்னும் நிலையம் 1972 முதல் பழம்பாட்டுக்கே பெயர்பெற்று விளங்கியது. 2005 யூன் மாதத்தில் ஒரு நாள், அந்நெறியை அது திடீரெனக் கைவிட்டது. நகரத்தார் பலர் வருந்தினர். 2007 யூலையில் நிலையம் பழம்பாட்டுக்கு மீண்டது. ஆயின் முன்னைய 1950களின் பாட்டுக்கள் பெரும்பாலும் உடன் மீளவில்லை. 1960களின் நடுப்பகுதி முதல் 1980கள் வரையிலானவையே ‘பழையவை’ ஆயின. கிளாசிக் றொக் நிலையங்களின் செய்தியும் இதனையே ஒக்கும். 2014இல், புள்ளிவிபர ஆய்வுக்குப் பெயர்பெற்றிருந்த ஒரு செய்தித்தளம் 25 பெரிய நிலையங்களை ஒரு வாரம் கவனித்தது. ஒலித்தவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை 1973க்கும் 1982க்கும் இடைப்பட்ட பத்தாண்டிற் பிறந்தவை. அந்நிலையங்களின் நிரலில் 1980களின் இறுதியில் எழுந்த கன்ஸ் அன்ட் றோசஸ் அந்நாளிலேயே இடம்பெற்றுவிட்டது; 1990களின் நிர்வானாவும் நுழைந்துவிட்டது.

இதனாற் புறத்தே நின்றோர் யாவர் என்பதை நோக்கினாற் குறை தெளிவாகும். றொக் இசையின் மூலவர் வரிசையில் வைத்தெண்ணப்படும் சக் பெரி, லிற்றில் றிச்சட் ஆகியோர் இந்நிலையங்களில் அரிதிற் கேட்கப்படுவர். சக் பெரியின் ‘ஜொனி பி. குட்’ 1958இல் வெளிவந்த பாட்டு. 1977இல் வொயேஜர் விண்கலங்களில் மனித குலத்தின் இசைக்கு எடுத்துக்காட்டாக வைத்து அனுப்பப்பட்ட பொற்றட்டில் அதுவும் ஒன்று. அப்பாட்டு ஞாயிற்றின் ஆட்சியெல்லையைக் கடந்து சென்றுகொண்டிருக்கின்றது. அதனை ஈன்ற நாட்டின் கிளாசிக் றொக் நிரலுக்கோ பெரும்பாலும் அந்நியமாய் உள்ளது. றொசெற்றா தார்ப் அம்மையார் 1930களிலும் 1940களிலும் மின்கிற்றாரை மீட்டிப் பக்திப் பாட்டுப் பாடியவர். பின்வந்தோர் பலருக்கு முன்னோடி. றொக் இசைப் புகழ்மண்டபம் அவரைத் தன்னுட் சேர்த்தது 2018இல். அவர் மறைந்ததோ 1973இல். தொடங்கியோரை நீக்கிவிட்டுத் தொடர்ந்தோரைச் ‘செவ்வியல்’ என்பது, வேரை வெட்டிவிட்டுக் கிளைக்கு நீர் வார்ப்பதை ஒக்கும்.

இதற்கு மறுப்பாகச் சொல்லத்தக்கன இரண்டு உண்டு. இரண்டும் ஆராயத்தக்கவையே. காலப்போக்கிற் பழையவை நீங்குவதும் புதியவை சேர்வதும் இயற்கை. நன்னூலாரே அதனைக் குற்றமென்னாது ஏற்றுக்கொண்டார் என்பது முதலாவது. நன்று. ஆயின் நன்னூலார் அதற்குக் கூறிய காரணம் காலம். ஒரு பாட்டைப் பல தலைமுறையினர் கேட்டுக் கேட்டு, அதன் சுவை வற்றியபின் கைவிடுவராயின், அது காலத்தின் செயல். கேட்டவர் இன்னும் உயிரோடு இருக்க, கேளாத இளையோர் கேட்டறிய வாய்ப்பில்லாதிருக்க, 54 என்னும் எண்ணைத் தாண்டியமை பற்றி நீக்குவது கணக்கப்பிள்ளையின் செயல். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது.

மக்கள் விரும்புவதைக் கொடுப்பதில் என்ன பிழை, அறிஞர் சிலர் தெரிந்து திணித்தால் மட்டும் நன்மை விளையுமா என்பது இரண்டாவது. இது வலிய வினா. இதற்குச் சான்று நம் நாட்டு வரலாற்றிலேயே உண்டு. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர், திரைப்பாட்டு இழிந்தது என்று கருதி அகில இந்திய வானொலியில் அதனை ஒடுக்கினார். விளைவு யாது? 1950இல் வர்த்தக சேவையைத் தொடங்கியிருந்த இலங்கை வானொலியை நோக்கி இந்திய நேயர் திரண்டனர். கொழும்பின் குரல் இமயம் வரை கேட்டது. 1957இல் ‘விவித பாரதி’ என்னும் புதிய சேவையைத் தொடங்கித் திரைப்பாட்டுக்கு இடமளிக்க வேண்டியதாயிற்று இந்திய வானொலிக்கு. செவியை மதியாத அதிகாரம் தோற்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. ஆதலின் யான் வேண்டுவது அமைச்சரின் ஆணையை அன்று. மக்களின் விருப்பம் என்று காட்டப்படுவது உண்மையில் அவர்தம் விருப்பந்தானா என்பதையே வினவுகின்றேன். கேற் புஷ் என்னும் ஆங்கிலப் பாடகியின் 1985ஆம் ஆண்டுப் பாட்டொன்று, ஒரு தொலைக்காட்சித் தொடரில் வந்தமையால், 37 ஆண்டு கழித்து 2022 யூனில் பிரித்தானியாவின் முதலிடத்தைப் பிடித்தது. அதனைத் தேடிக் கேட்டோருட் பலர், அது வெளிவந்த காலத்திற் பிறந்தும் இராதவர்கள். காட்டினால் இளையோர் கேட்பர். காட்டாமல் வைத்துக்கொண்டு, அவர் விரும்பவில்லை என்று புள்ளி போடுவது நேர்மையாகாது.

ஈண்டு நம் தொகை நூல் மரபை நினைவுகூர்தல் தகும். நம் முன்னோர் தொகுத்தோன் என்றும் தொகுப்பித்தோன் என்றும் இருவரைப் பிரித்தே குறித்தனர். அகநானூற்றைத் தொகுத்தார் உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர். தொகுப்பித்தான் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஐங்குறுநூற்றைத் தொகுத்தார் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. பொருள் கொடுத்தவன் வேறு; புலமையாற் தெரிந்தவன் வேறு. அகநானூற்றைத் தொகுப்பித்தவன் பாண்டியனாயினும் பாண்டி நாட்டார் பாட்டே அதனுள் நிறைந்திருக்கவில்லை. தொகுத்தோர் பெயர் தெரியாத புறநானூற்றிலும் மூவேந்தரும் குறுநில மன்னரும் ஒருங்கே பாடப்பெற்றனர். வெண்ணிக் குயத்தியார் வென்ற கரிகாலனை முன்னிறுத்திப் பாடுமிடத்தே, தோற்று வடக்கிருந்தவனையே மேலானவனாகக் காட்டினார். அப்பாட்டையும் தொகுத்தோர் விலக்கவில்லை. அமெரிக்க வானொலியில் நேர்ந்த குறையை இவ்விரு சொற்களாற் சுருங்கச் சொல்லிவிடலாம்: தொகுப்பித்தோனே தொகுத்தோனும் ஆகிவிட்டான்.

வணிகன் பொருள் கொடுப்பதில் இழிவில்லை. அரசன் கொடுத்ததும் பொருளே. புலமைக்குரிய இருக்கை வெறிதாய்க் கிடப்பதே இழிவு. அவ்விருக்கையை நிரப்ப வழியுண்டு என்பதற்கும் அமெரிக்காவே சான்று. 2000ஆம் ஆண்டுச் சட்டமொன்றால் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியல் ஒன்றைத் தொடங்கியது. பத்தாண்டுக்கு முற்பட்ட பதிவுகளையே அது கருதும், பொதுமக்கள் முன்மொழியலாம், அறிஞர் குழு ஆராயும், இப்போது ஆண்டுதோறும் 25 பதிவுகள் சேர்க்கப்படுகின்றன. நிரல் மறந்த சக் பெரியும் லிற்றில் றிச்சட்டும் றொசெற்றா தார்ப்பும் அதில் இடம்பெற்றுள்ளனர். இன்னுமொன்று. 2006 முதல் 2009 வரை, பொப் டிலன் செய்மதி வானொலியொன்றில் வாரந்தோறும் நிகழ்ச்சி நடத்தினார். வானிலை, தாய் என ஒவ்வொரு வாரமும் ஒரு பொருளை எடுத்து, அப்பொருள் பற்றிய பழம்பாட்டுக்களைக் கோத்தார். திணையும் துறையும் வகுத்துப் பாட்டை அடுக்கிய நம் தொகுத்தோர் இதனைக் கேட்டிருப்பின் தம் தொழிலென்றே கண்டிருப்பர்.

இச்செய்தி கடலுக்கு அப்பாற்பட்டது என்று நாம் வாளா இருத்தல் ஆகாது. ஏழு விநாடித் துண்டால் அளக்கும் வழக்கம் வகுப்பறையிலும் உண்டு. பரீட்சைக்கு வந்த பாட்டே சங்கப் பாட்டு என்று மாணவன் எண்ணுவானாயின், நானூறும் நாலைந்தாகச் சுருங்கும். சுருங்கிய பின் மறப்பு வரும். மறப்பின் பின் இழப்பு வரும். புறநானூற்றில் 267ஆம் 268ஆம் பாட்டுக்கள் இன்று யார்க்கும் கிடையா. ஏட்டிலிருந்த கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை, எத்தனை பேர் அதனைக் கேட்கின்றனர் என்று எண்ணியிருப்பாராயின், அதுவும் அவ்வழியே போயிருத்தல் கூடும். கேட்பார் அருகிய நாளிலே அவர் அதனைத் தேடினார். ஆதலின் நாம் இன்று கற்கின்றோம்.

ஆகவே யான் வேண்டுவன சிலவே. தமிழிலாயினும் பிற மொழியிலாயினும், வானொலி நடத்துவோர் வாரத்தில் ஒரு மணி நேரத்தையேனும் புள்ளிக் கணக்கிலிருந்து விடுவித்து, இசையறிந்த ஒருவரிடம் ஒப்படைப்பாராக. அவ்வேளையில் தொகுத்தவர் பெயரையும் பொருளுதவியவர் பெயரையும் தனித்தனியே அறிவிப்பாராக. ஆசிரியராய் இருப்போர் ஒவ்வொரு தவணையிலும் பரீட்சைக்கு வாராத பாட்டு ஒன்றைக் கற்பிப்பாராக. கல்லூரியை விட்டுப் பல்லாண்டு கழித்து இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர், தம் இளமையிற் கேட்ட பாட்டைத் தம் பிள்ளைகளுக்குக் கேட்பிப்பதோடு அமையாது, தமக்கு முன்னோர் கேட்ட பாட்டையும் தேடிக் கேட்பிப்பாராக. தம் இளமையை மட்டும் போற்றுவோர்க்கு 54ஆம் வயதோடு நிரல் முடிந்துவிடும். தமக்கு முற்பட்டதையும் போற்றக் கற்றோரின் பாட்டு, அவர்க்குப் பின்னும் சில தலைமுறை கேட்கப்படும்.